பழைய மாருதி 800ஐக் குறைந்த செலவில் மீட்டெடுத்து மேம்படுத்துவது எப்படி?

1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800, 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும்வரை 25 லட்சத்துக்கும் அதிகமான எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்டது. இந்தப் பெரிய எண்ணிக்கையால்தான் கையில் அதிகப் பணமில்லாத ஒருவரும் இந்தக் காரைத் துணிந்து எடுத்து வேலை பார்க்க முடிகிறது. புதிய உதிரி பாகங்களுக்குச் சென்னையில் ஜி.பி. ரோடும், பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய பாகங்களுக்குப் புதுப்பேட்டையும் இருக்கின்றன. சிறிய ஊர்களிலும் இந்த எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவராவது இருப்பார். 796 சி.சி. கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் எஞ்சின், ஏறத்தாழ 650 கிலோ எடை, 12 அங்குலச் சக்கரங்கள் என எல்லாமே சிறியவை என்பதால், புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இதைவிடப் பொருத்தமான கார் அமைவது கடினம்.

செலவைக் கட்டுக்குள் வைப்பது மலிவான பாகங்களை வாங்குவதால் நடப்பதில்லை, வேலைகளைச் சரியான வரிசையில் செய்வதால்தான் நடக்கிறது. பலர் முதலில் பெயின்ட் அடித்துவிட்டுப் பிறகு வெல்டிங்குக்காக அதே பெயின்டைச் சுரண்டுகிறார்கள். ஆகவே இங்கே சொல்லும் வரிசையை மாற்றாமல் பின்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

படி 1: சரியான வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

எஸ்.எஸ்.80 என்று அழைக்கப்படும் முதல் வடிவம் அழகானது, ஆனால் அதன் பாடி பாகங்கள் அரிது. முதன்முதலாக இவ்வேலையில் இறங்குபவருக்கு 1986க்குப் பிறகு வந்த வடிவத்தையே பரிந்துரைக்கிறேன். அதிலும் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள வண்டியை வீட்டிலேயே கழற்றிச் சுத்தம் செய்து பழகலாம்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூடிரைவர், மெல்லிய துணியில் சுற்றிய ஒரு சிறிய காந்தம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். தகட்டின் மேல் ஒட்ட வேண்டிய காந்தம் ஓரிடத்தில் ஒட்டாமல் நழுவினால், அங்கே தடிமனாகப் பட்டி (பள்ளங்களை நிரப்பும் பூச்சு) பூசப்பட்டிருக்கிறது என்று பொருள். கால்மிதியைத் தூக்கி ஃப்ளோரையும், கதவுக்குக் கீழே ஓடும் பக்கச் சட்டத்தையும், பேட்டரி அமரும் தட்டையும், பின்சக்கர வளைவுகளையும், பானெட்டுக்குள் முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனை பூட்டப்பட்டிருக்கும் இடத்தையும் ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். இந்தக் காருக்குத் தனியாகச் சேஸி கிடையாது, பாடியே எல்லாச் சுமையையும் தாங்குகிறது. எனவே முன் ஷாக் அப்சார்பர் பூட்டும் இடம் துருவால் உளுத்துப் போயிருந்தால், எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அந்த வண்டியை விட்டுவிடுவதே நல்லது. எஞ்சின் வேலைக்கு ஆகும் செலவை முன்கூட்டியே கணிக்கலாம், துருவுக்கு ஆகும் செலவைக் கணிக்க முடியாது.

ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) உள்ள எஞ்சின் எண்ணும், பாடியிலேயே பொறிக்கப்படும் சேஸி எண்ணும் வண்டியில் பொறிக்கப்பட்ட எண்களோடு ஒத்துப்போக வேண்டும். இதில் சிறிய ஐயம் இருந்தாலும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

படி 2: துருவை அகற்றுதல்

இருக்கைகள், தரைவிரிப்பு, அதன் கீழே உள்ள ஸ்பாஞ்ச் ஆகியவற்றை முழுவதுமாகக் கழற்றிவிடுங்கள். மழைநீர் முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் வழியாகவோ, கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகள் அடைபட்டதாலோ உள்ளே இறங்கி, அந்த ஸ்பாஞ்சில் மாதக்கணக்கில் தங்கித்தான் ஃப்ளோரை அரிக்கிறது. நீர் வரும் வழியை அடைக்காமல் தகட்டை மட்டும் மாற்றினால் சில மழைக்காலங்களிலேயே அதே இடம் மீண்டும் ஓட்டையாகும். கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டியாக இருந்தால் இன்னும் கூடுதல் கவனம் தேவை.

கம்பி பிரஷ்ஷால் தேய்த்தபின் பளபளக்கும் தகடு வெளிப்பட்டால் அது மேல்துரு. துருமாற்றித் திரவமும் எபாக்சி பிரைமரும் அதற்குப் போதும். தகடு உள்வாங்கினாலோ ஓட்டை விழுந்தாலோ, நல்ல தகடு தென்படும் வரை வெட்டியெடுத்துவிட்டு அதே தடிமனுள்ள புதிய தகட்டை வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். இந்தப் பாடியின் தகடு 1 மி.மீ.க்கும் மெல்லியது என்பதால், கேஸ் வெல்டிங்கின் பரவலான சூட்டில் அது வளைந்துவிடும். ஆகவே சூட்டை ஒரே இடத்தில் குவிக்கும் மிக் வெல்டிங் (மின்சார வெல்டிங் வகை) இருக்கும் டிங்கரிங் பட்டறையைத் தேடிப் பிடியுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றுவதோடு, வேலை பெட்ரோல் டாங்கிக்கு அருகில் என்றால் டாங்கியையும் இறக்கி வெளியே வைக்க வேண்டும். ஓட்டையின் மேல் ஃபைபர் துணி ஒட்டிப் பட்டி பூசித் தரும் பட்டறைகள் உண்டு. சுமை தாங்கும் இடத்தில் அப்படிச் செய்வது, வண்டியில் உட்காருபவரின் உயிரோடு விளையாடுவதாகும்.

புதிய தகட்டின் இணைப்புகளில் சீலன்ட் பூசி, வெளிப்புற அடிப்பகுதிக்கு அண்டர்பாடி கோட்டிங் அடித்தால் இந்தப் படி முடிந்தது.

படி 3: பிரேக்கும் ரப்பர் பாகங்களும்

எஞ்சினை ஓடவைக்கும் ஆசை எல்லோருக்கும் முதலில் வரும். நிற்காத வண்டியை ஓட்ட முடியாது என்பதால் பிரேக்கை முதலில் முடியுங்கள். மிதியின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர், சக்கரங்களில் உள்ள வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள் ஆகிய மூன்றையும் பழையது நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுவது என் பழக்கம். இவற்றின் உட்புறத் தேய்மானம் வெளியே தெரியாது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 வகை, புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி, ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரி. பழைய ஆயிலோடு மலைப்பாதையில் இறங்குவது ஏன் ஆபத்து என்பது இந்த இரு எண்களிலேயே விளங்கும். பிரேக் குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றும்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவில் இருக்கும் சக்கரத்தில் தொடங்குங்கள். பெயின்டின் மேல் சிந்தும் ஆயிலை உடனே தண்ணீரால் கழுவுங்கள். காருக்கு அடியில் செல்லும் எந்த வேலைக்கும் ஜாக்கி மட்டும் போதாது, ஸ்டாண்டு வைத்த பிறகே உள்ளே போக வேண்டும்.

இன்று நம் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. இந்தக் கார் வடிவமைக்கப்பட்ட காலத்து ரப்பர் அதற்கேற்றதன்று. பெட்ரோல் ஹோஸ்கள் உப்பி, வெடித்துக் கசியும். எத்தனாலைத் தாங்கும் ஜே30 ஆர்9 என்ற தரக்குறியீடு அச்சிட்ட ஹோஸை வாங்கி, டாங்கியிலிருந்து கார்புரேட்டர் வரை முழுவதும் மாற்றுங்கள். இதற்கு ஆகும் சில நூறு ரூபாய் இந்த முழுத் திட்டத்திலும் மிக நியாயமான செலவு.

படி 4: எஞ்சின்

பிரிப்பதற்கு முன் அளந்து பாருங்கள். கம்ப்ரஷன் கேஜை ஸ்பார்க் பிளக் துளையில் பொருத்தி மூன்று சிலிண்டர்களின் அழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஏறக்குறைய சமமாக, நல்ல அளவில் இருந்தால் எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதற்குள் சிறிதளவு எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் அளக்கவும்: அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, உயராவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ கசிவு. இந்தச் சோதனை, தேவையற்ற முழு எஞ்சின் வேலையைத் தவிர்க்கிறது.

அதன்பின் டைமிங் பெல்ட், ஸ்பார்க் பிளக்குகள், ஃபில்டர்கள், ஆயில் ஆகியவற்றை மாற்றி, கார்புரேட்டரின் ஜெட்களைச் சுத்தம் செய்து, வால்வு இடைவெளியை எஞ்சின் குளிர்ந்திருக்கையில் 0.15 மி.மீ. அளவுக்கு வையுங்கள். நம் ஊர் வெயிலுக்குத் தேவையில்லை என்று சில பட்டறைகளில் தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குக் கூலன்ட் போகாமல் தடுக்கும் பாகம்) கழற்றி எறிந்துவிடுவார்கள். எஞ்சின் தனக்குரிய வெப்பநிலையை எட்டாமல் ஓடினால் பெட்ரோலும் அதிகமாகும், தேய்மானமும் அதிகமாகும். புதிய தெர்மோஸ்டாட்டைப் போட்டு, ரேடியேட்டரைக் கழுவிக் கூலன்ட் நிரப்புங்கள்.

படி 5: மேம்பாடுகள்

இந்தக் காரின் பெருஞ்செல்வம் அதன் எடைக்குறைவு. பெரிய ஸ்பீக்கர் பெட்டியும், கனத்த அலாய் சக்கரமும் அந்தச் செல்வத்தைக் கரைத்துவிடும்.

முதலில் செய்யத்தக்கது ஹெட்லைட் ரிலே, அதாவது சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச். 60 வாட் பல்புகள் இரண்டுக்கும் சேர்த்து 12 வோல்ட்டில் ஏறக்குறைய 10 ஆம்பியர் தேவை. பழைய வண்டியில் அது மெல்லிய ஒயர்களையும் தேய்ந்த சுவிட்சையும் கடந்து செல்வதால் வோல்ட்டேஜ் குறைந்து வெளிச்சம் மங்குகிறது. பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக ரிலேக்குத் தனி ஒயர் இழுத்தால், அதே பல்புகளே கண்கூடாகப் பிரகாசமாக எரியும்.

டயரை மாற்ற விரும்பினால் முதலில் கணக்குப் போடுங்கள். இந்தக் காருக்குரிய 145/70 ஆர்12 டயரின் விட்டம் ஏறத்தாழ 508 மி.மீ.; 155/65 ஆர்13 டயருக்கு அது 532 மி.மீ. வித்தியாசம் ஏறக்குறைய 5 சதவீதம் என்பதால், மீட்டர் 60 காட்டும்போது வண்டி 63 கி.மீ. வேகத்தில் போகும், இழுவையும் அந்த அளவுக்குக் குறையும். விட்டத்தில் 3 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு வராத அளவைத் தேர்ந்தெடுங்கள். வண்டியைத் தாழ்த்துவதற்காகச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை வெட்டுவதை நான் எந்த நிலையிலும் ஏற்பதில்லை. வெட்டிய ஸ்பிரிங் தன் இருப்பிடத்தை விட்டு நழுவக்கூடும்.

எஞ்சின் மாற்றம், பாடி வடிவ மாற்றம் போன்றவற்றில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கும் உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றுக்கும் மாறுபாடு வரும் மாற்றங்கள் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியுள்ளது.

படி 6: பெயின்ட்

இதற்கு முன் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். பட்டியை மெல்லிய அடுக்குகளாக மட்டும் பூசச் சொல்லுங்கள். கண்ணாடி பீடிங்குகளையும் விளக்குகளையும் டேப் ஒட்டி மறைக்காமல் கழற்றச் சொல்லுங்கள். டேப்பின் ஓரத்தில்தான் பெயின்ட் முதலில் உரியும். நிறத்தை மாற்றினால் அதை ஆர்.சி.யில் பதிவு செய்ய வேண்டும் என்பதால், பழைய நிறத்திலேயே அடிப்பது அலைச்சலையும் செலவையும் மிச்சப்படுத்தும்.

படி 7: பதிவைப் புதுப்பித்தல்

15 ஆண்டுகள் கடந்த தனியார் கார்களுக்குப் பதிவு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. படிவம் 25இல், பதிவு முடியும் நாளுக்கு முந்தைய 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டுகள் கடந்த கார்களுக்கு 2025இல் 10,000 ரூபாயாக்கப்பட்டது. தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. இத்தொகையை வண்டி வாங்கும் நாளிலேயே திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலக ஆய்வாளரிடம் கொண்டுசெல்லும் முன் விளக்குகள், ஹாரன், வைப்பர், ஹேண்ட் பிரேக் ஆகியவற்றைச் சரிபார்த்து, புதிய பெயின்டுக்கு அடியில் மறையாமல் சேஸி எண் தெளிவாகப் படிக்கும்படி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.