அயல் விலங்கின் வாடையும் வீட்டுப் பூனையின் கலக்கமும்: கண்டறிந்து தணிக்கும் முறை

நேற்றுவரை சாதுவாக இருந்த பூனை இன்று கட்டிலுக்கடியில் பதுங்குகிறது, வாசற்கதவின் நிலையில் சிறுநீர் பீய்ச்சுகிறது, அல்லது ஒரே தட்டில் உண்டு வளர்ந்த தன் தோழனையே சீறி விரட்டுகிறது. இப்படி நேரும்போது பூனைக்கு விசர் பிடித்துவிட்டது என்றோ, பிடிவாதம் கூடிவிட்டது என்றோ முடிவுசெய்து அதை அடிக்க வேண்டாம். இரவில் வளவுக்குள் என்ன வந்து போனது, வீட்டுக்குள் யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்று முதலில் தேடிப் பாருங்கள். பூனையைக் கலங்கச் செய்யும் விலங்கு அதன் கண்ணில் படவேண்டும் என்பதில்லை. விட்டுச்சென்ற வாடையே போதும்.

மனிதரின் மோப்பப் படலம் சில சதுர சென்ரிமீற்றர் மட்டுமே. பூனையினுடையது ஏறத்தாழ 20 சதுர சென்ரிமீற்றர். அதற்கு மேலாக, மேல்வாயின் முன்பற்களுக்குப் பின்னால் யாக்கோப்சன் உறுப்பு என்ற இரண்டாவது மோப்பக் கருவியும் அதற்கு உண்டு. பூனை வளர்க்கும் விருந்தினர் விறாந்தையில் கழற்றிவைத்த செருப்பை உங்கள் பூனை மோந்து பார்ப்பதைக் கவனியுங்கள். மூக்கைச் செருப்பின் வாரோடு ஒட்டி நாலைந்து முறை உறிஞ்சும். பிறகு தலையைச் சற்றே உயர்த்தி, மேலுதட்டைச் சுருக்கி, வாயைப் பாதி திறந்தபடி அசையாமல் நிற்கும். முகஞ்சுளிப்பது போலத் தெரியும் அந்தக் கணத்தில்தான், அந்த வாடைக்குரிய பூனை ஆணா பெண்ணா, காயடிக்கப்பட்டதா இல்லையா என்பன போன்ற செய்திகளை அது வாசித்துக்கொண்டிருக்கிறது. தோக்கியோ விவசாயப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 30 பூனைகளைக் கொண்டு நடத்தி 2025 இல் வெளியிட்ட ஆய்வில், பூனைகள் தம் உரிமையாளரின் வாடையைவிட முன்பின் அறியாதவரின் வாடையை நீண்ட நேரம் மோந்து பார்த்தன. மனிதரின் வாடைக்கே இவ்வளவு கவனம் என்றால், தன் எல்லைக்குள் நுழைந்த இன்னொரு பூனையின் வாடையை அது எளிதில் விட்டுவிடாது.

எந்த விலங்கின் வாடை என்பதைப் பூனையின் நடத்தையே ஓரளவு காட்டிக்கொடுக்கும். எலியின் வாடை என்றால் பயமிராது. அலுமாரி இடுக்கிலோ அரிசிச் சாக்கின் பக்கத்திலோ மணிக்கணக்கில் காத்திருக்கும். நாயின் வாடை பட்ட துணியைக் கண்டால் வயிறு தரையில் உரச நடந்து உயரமான இடம் தேடும். ஓட்டுக்கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில் மரநாய் குடிவந்த வீடுகளில் பூனை குறிப்பிட்ட ஓர் அறைக்குள் மட்டும் போக மறுக்கும். அங்கே சீலிங்கில் மஞ்சள் கறை தெரிகிறதா என்று பாருங்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து வரும் உறவினரின் உடுப்பில் ஒட்டியிருக்கும் மாட்டு வாடை பெரும்பாலும் ஆர்வத்தோடு முடிந்துவிடும். மிகுந்த குழப்பத்தை உண்டாக்குவது இன்னொரு பூனையின் வாடைதான், அதிலும் காயடிக்கப்படாத கடுவனின் சிறுநீர். அதில் மிகுதியாக உள்ள ஃபெலினின் என்ற சேர்மம் மெல்லச் சிதைந்து, கந்தகம் கலந்த கடும் வாடையைப் பல நாட்களுக்கு வெளிவிட்டுக்கொண்டேயிருக்கும்.

தேடுவதற்கு ஏற்ற வேளை முற்றம் கூட்டுவதற்கு முந்திய அதிகாலை. கேற்றுத் தூண், கதவு நிலை, மோட்டார் சைக்கிளின் சில்லு, பூச்சாடி ஆகியவற்றைத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குள் கவனித்துப் பாருங்கள்; வாலை நிமிர்த்தி நடுக்கியபடி பின்னோக்கிப் பீய்ச்சும் பூனையின் சிறுநீர் அந்த உயரத்தில்தான் படும். புற ஊதா ரோச் லைற் இருந்தால் இருட்டில் அடித்துப் பாருங்கள், உலர்ந்த சிறுநீர் மங்கலாக ஒளிரும். வீடு கட்டவோ திருத்தவோ பறித்த மணற்கும்பி வளவில் இருந்தால் அதை முதலில் சந்தேகியுங்கள். ஊரிலுள்ள பூனைகளெல்லாம் அதைத் தேடி வரும். அந்த மணலையே அள்ளி உங்கள் பூனையின் மணற்பெட்டியில் போட்டால், அந்நியரின் வாடையை நீங்களே வீட்டுக்குள் கொண்டுவந்ததாகிவிடும். தறப்பாளால் கும்பியை மூடுங்கள். பெட்டிக்கு எடுக்கும் மணலைக் கழுவிக் கடும் வெயிலில் காயவிடுங்கள்.

சுத்தம் செய்வதில் கவனம் வேண்டும். சிறுநீரிலுள்ள யூரிக் அமிலப் பளிங்குகள் நீரில் இலகுவில் கரைவதில்லை. அதனால்தான் கழுவிய இடம் கார்த்திகை, மார்கழி மழையின் ஈரத்தில் மறுபடி மணக்கிறது. முதலில் பழந்துணியால் ஒற்றி எடுங்கள். பின் என்சைம் கலந்த சலவைத்தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊறவிட்டுக் கழுவி, நல்ல நீரால் அலசிக் காயவையுங்கள். காய்ந்த பிறகு சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றால் துடைத்து, அந்த நெடி அடங்கும்வரை பூனையை அங்கே விடாதீர்கள். மரத்திலும் வார்னிஷிலும் ஒரு மூலையில் முதலில் சோதித்துப் பார்ப்பது நல்லது. அமோனியா கலந்த திரவங்கள் வேண்டாம், அவை சிறுநீரை நினைவூட்டும். பிளீச் சிறுநீரோடு சேர்ந்தால் நச்சுவாயு உண்டாகும். ஃபீனைல், டெட்டோல் போன்ற ஃபீனோல் வகைக் கிருமிநாசினிகளைப் பூனை நடமாடும் தரையில் ஊற்றவே வேண்டாம் என்பதை வற்புறுத்திச் சொல்கிறேன். அவற்றை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. பாதத்தில் பட்டதை நக்கினாலே நஞ்சாகும். பூச்சி உருண்டையும் கற்பூரமும் அப்படியே.

வந்த வாடையை அகற்றுவதற்கு ஈடாக, பூனையின் சொந்த வாடையைக் காப்பதும் முக்கியம். இதைப் பலர் கெடுத்துவிடுகிறார்கள். பூனையின் கன்னம், நாடி, நெற்றி, பாதம் ஆகியவற்றில் வாடைச் சுரப்பிகள் உள்ளன. கதிரைக் காலிலும் சுவர் மூலையிலும் கன்னத்தை உரசி உரசி அது பதித்த எண்ணெய்ப் பிசுக்கான பழுப்புத் தடம் அழுக்கல்ல, இது என் வீடு என்று அது தனக்கே எழுதிவைத்த குறிப்பு. பொங்கலுக்கோ பெருநாளுக்கோ வீடு முழுவதையும் கழுவி, பெயின்ற் அடித்து, படுக்கைத் துணிகளையும் ஒரே நாளில் தோய்த்துப் போட்டால் அதன் அடையாளம் மொத்தமும் போய்விடும். அறை அறையாகச் செய்யுங்கள். அது படுக்கும் பழைய சாரத்தை மட்டும் தோய்க்காமல் விடுங்கள். கலக்கம் மிகுந்த வேளையில், சுத்தமான பருத்தித் துணியால் பூனையின் கன்னத்தை மெல்லத் தடவி, அதே துணியை அது பீய்ச்சிய இடத்தைக் கழுவிக் காய்ந்த பின் அங்கே உரசிவிடுவது எளிய வழி.

இரண்டு பூனைகள் உள்ள வீட்டில் ஒன்றை மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் வந்தால், மற்றது அதை அந்நியனாக எண்ணித் தாக்கக்கூடும். மருந்தும் பிற விலங்குகளும் சேர்ந்த வாடை அதன் மேல் இருக்கும். வந்ததைத் தனியறையில் வைத்து, வீட்டிலுள்ள பழைய துணியால் உடம்பைத் துவட்டி, அது தன்னை நக்கிச் சுத்தப்படுத்த அரைநாளாவது கொடுங்கள். புதிதாக ஒரு பூனையைச் சேர்ப்பதாயின் இதே வழியை நீட்டிச் செய்யலாம். முதலில் படுக்கைத் துணிகளை மாற்றிப் போட்டு, சாப்பாட்டுத் தட்டுக்கு அருகே வைத்து, சீறாமல் உண்ணத் தொடங்கிய பிறகே கதவு இடுக்கால் முகம் காட்டுங்கள். இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். அவசரப்படுத்தினால் பகை நிலைத்துவிடும்.

மாரியில் வாவியும் குளங்களும் பெருகித் தாழ்ந்த இடங்களில் வெள்ளம் நிற்கும் நாட்களில், தெருப் பூனைகளும் நாய்களும் மேட்டு வீடுகளின் விறாந்தையில் ஒதுங்கும். அவற்றை விரட்ட மனம் வராது, விரட்டவும் வேண்டாம். வீட்டின் பின்புறம் சாக்கு விரித்து ஒதுங்க இடம் கொடுத்து, வாசற்பக்க யன்னலின் கீழ்ப்பாதியைத் துணியால் மறைத்துவிட்டால் இரு தரப்புக்கும் நன்மை.

வாடையால் கொதித்திருக்கும் பூனையைத் தூக்கித் தேற்ற முனையாதீர்கள். எதிரியை எட்ட முடியாத சினம் கைக்கெட்டியவர் மேல் திரும்பும், அது சில மணி நேரம், சிலவேளை ஒரு நாளுக்கும் மேலாக நீடிக்கும். இருட்டான அறையில் தண்ணீரும் மணற்பெட்டியும் வைத்துத் தனியே விடுங்கள். கடித்தோ பிறாண்டியோ விட்டால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி வைத்தியசாலைக்குச் செல்லுங்கள், விசர்நோய்த் தடுப்பைப் பற்றி வைத்தியரே முடிவுசெய்வார்.

கடுவனைக் காயடித்தால் பத்தில் ஒன்பது அளவில் பீய்ச்சும் பழக்கம் நின்றோ பெரிதும் குறைந்தோ போகும். ஆனால் கடுவன் மணற்பெட்டியில் அடிக்கடி குந்தி முக்கியும் சொட்டுச் சிறுநீரே வருகிறது அல்லது ஒன்றுமே வரவில்லை என்றால் அது வாடைப் பிரச்சினை அல்ல. சிறுநீர்க்குழாய் அடைத்திருக்கலாம், ஓரிரு நாளில் உயிர் போய்விடும். விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே மிருக வைத்தியரைத் தேடிக் கொண்டுபோங்கள்.