வோல்ட், ஆம்பியர் தெரிந்தால் ஓமும் வாட்டும் கணக்கிடுவது எப்படி?

சூத்திரம் எனக்கு மனப்பாடம். அப்படியும் ஒரே இரவில் மூன்று எல்இடிகளை எரித்தேன். தப்பு சூத்திரத்தில் இல்லை, அதற்குள் நான் போட்ட எண்ணில். அந்த இடத்தில் இன்னொருவர் விழக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த இரண்டு வரிகள்:

மின்தடை (ஓம்) = மின்னழுத்தம் (வோல்ட்) ÷ மின்னோட்டம் (ஆம்பியர்)
திறன் (வாட்) = மின்னழுத்தம் (வோல்ட்) × மின்னோட்டம் (ஆம்பியர்)

முதல் வரி ஜார்ஜ் ஓம் 1827-இல் வெளியிட்ட விதியிலிருந்து வருவது. இதை நினைவில் வைக்க ஒரு முக்கோணப் படம் போட்டுக் காட்டுவார்கள். அது வேண்டாம் என்பது என் கட்சி. எந்த மூலையை விரலால் மறைப்பது என்பதே எனக்கு மறந்துபோகும்.

படி 1: அளப்பது

என் சுற்று இதுதான்: 12 வோல்ட் அடாப்டர், ஒரு 560 ஓம் ரெசிஸ்டர் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சின்னப் பாகம்), ஒரு சிவப்பு எல்இடி. மூன்றும் தொடராக.

மின்னழுத்தம் அளக்கச் சுற்றைப் பிரிக்க வேண்டாம். பொருளின் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரின் (வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் அளக்கும் கருவி) முனைகளை வைத்தால் போதும். மின்னோட்டத்துக்கு அப்படி முடியாது. சுற்றை ஓரிடத்தில் பிரித்து, அந்த இடைவெளியில் மீட்டரையே ஒரு கம்பி போல நுழைக்க வேண்டும்.

அளந்து முடித்ததும் சிவப்பு வயரை ஆம்பியர் துளையிலிருந்து எடுத்து வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். உடனே, அப்போதே. மறந்துபோய் அப்படியே வோல்ட் அளக்கப் போனால் மீட்டர் ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும், பியூஸ் போய்விடும். நான் இரண்டு பியூஸ் மாற்றியவன்.

எனக்குக் கிடைத்த அளவுகள்: அடாப்டரில் 12.1 வோல்ட், ரெசிஸ்டரின் குறுக்கே 10.1 வோல்ட், எல்இடியின் குறுக்கே 2.0 வோல்ட். மின்னோட்டம் 18 மில்லி ஆம்பியர்.

படி 2: மில்லியைத் தொலைப்பது

என்னை விழத்தட்டியது இந்தப் படிதான். மீட்டர் 18 என்று காட்டும். கை தானாக 18-ஆல் வகுக்கும். ஆனால் சூத்திரம் கேட்பது ஆம்பியர், மில்லி ஆம்பியர் இல்லை. 1000-ஆல் வகுத்து 0.018 என்று எழுதிய பிறகுதான் சூத்திரத்துக்குள் போக வேண்டும்.

அன்று இரவு நான் செய்தது இதுதான்: எல்இடிக்கு 20 மில்லி ஆம்பியர் போதும், மீதி 10 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்க வேண்டும், எனவே 10 ÷ 20 = 0.5 ஓம். அரை ஓம் ரெசிஸ்டர் கையில் இல்லை. சரி, 1 ஓம் போடுவோம் என்று போட்டேன். 'டப்'. எல்இடிதான் மட்டம் என்று நினைத்து இன்னொன்று போட்டேன். அப்புறம் இன்னொன்று. சரியான கணக்கு 10 ÷ 0.02 = 500 ஓம். கடையில் எளிதாகக் கிடைக்கும் மதிப்புகளில் அதற்கு அடுத்தது 560.

இணையத்தில் கணக்குப் போட்டுத்தரும் பக்கங்கள் நிறைய இருக்கின்றன. ஆரம்பத்தில் காகிதமே நல்லது. அந்தப் பக்கங்களில் அலகைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு விடை வந்துவிடும், அதை நம்பியும் விடுவோம்.

படி 3: மின்தடை

10.1 ÷ 0.018 = 561 ஓம். ரெசிஸ்டரில் போட்டிருப்பது 560. பொருந்துகிறது.

இங்கே 12.1-ஐப் போட்டால் 672 வரும். ரெசிஸ்டர் பழுது என்று தோன்றும், ஆனால் அது நன்றாகத்தான் இருக்கிறது. எந்தப் பொருளின் தடை வேண்டுமோ அதன் குறுக்கே உள்ள வோல்ட்டைத்தான் எடுக்க வேண்டும், அடாப்டருடையதை அல்ல.

படி 4: திறன்

ரெசிஸ்டர்: 10.1 × 0.018 = 0.18 வாட். எல்இடி: 2.0 × 0.018 = 0.036 வாட். அதாவது வெளிச்சம் தருவதைப் போல ஐந்து மடங்கை ரெசிஸ்டர் சும்மா சூடாக்கித் தீர்க்கிறது! இரண்டையும் கூட்டினால் 0.216 வரும். சரிபார்க்க: 12.1 × 0.018 = 0.218. கடைசி இலக்கத்தில் உள்ள வித்தியாசம் நான் முழுமைப்படுத்தியதால் வந்தது.

கால் வாட் ரெசிஸ்டர் இதைத் தாங்கும், ஆனால் தொட்டால் சுடும். கணக்கில் வருவதைப் போல இரண்டு மடங்காவது தாங்குவதைத்தான் நான் வாங்குவேன். இங்கே அரை வாட்.

பின்சேர்க்கை 1: எல்இடியின் தடை 2.0 ÷ 0.018 = 111 ஓமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வகுத்தால் அந்த எண் வரும், பயன்படாது. மின்னோட்டத்தைப் பாதியாக்கினாலும் எல்இடியின் வோல்ட் கொஞ்சம்தான் இறங்கும். அதனால் 'தடை' வேறு எண்ணாகிவிடும். வாட் கணக்கு மட்டும் எல்இடிக்கும் செல்லும்.

பின்சேர்க்கை 2: 230 வோல்ட், 60 வாட் குண்டு பல்புக்குக் கணக்குப்படி சுமார் 880 ஓம் வருகிறது, மீட்டரில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லையே என்று இன்னொருவர். இரண்டும் சரி. டங்ஸ்டன் இழை சூடேற ஏற அதன் தடை கூடும். கணக்கு சொல்வது எரியும் பல்பின் தடையை, மீட்டர் சொல்வது குளிர்ந்த பல்பின் தடையை. இதைச் சோதிக்கிறேன் என்று வீட்டு மின்சாரச் சுற்றைப் பிரித்து மீட்டரை நுழைக்காதீர்கள். பல்பின் மேல் அச்சடித்திருக்கும் வாட்டை வோல்ட்டால் வகுத்தாலே ஆம்பியர் கிடைத்துவிடும்.