ஆண் என்றால் இப்படித்தானா? விளம்பரத்திலும் வீட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்மையின் அடையாளங்கள் ஏற்கெனவே இருப்பவை, விளம்பரங்கள் அவற்றைக் காட்டுகின்றன, அவ்வளவுதான் என்று நம்புவது முதல் தவறு. பல அடையாளங்கள் விற்பனைக்காகவே செய்யப்பட்டவை. மார்ல்போரோ சிகரெட் 1920-களில் ‘மே மாதம் போல மென்மையானது’ என்று பெண்களுக்கு விற்கப்பட்டது. 1950-களில் ஃபில்டர் வைத்த சிகரெட்டை ஆண்களிடம் தள்ள வேண்டியிருந்தது. லியோ பர்னெட்டின் விளம்பர நிறுவனம் கௌபாயைக் கொண்டுவந்து நிறுத்தியது. அதே பெயர்தான்; ஆள் மட்டும் மாறிவிட்டான்.

அடுத்தது, பெண்ணை உயர்த்துவதாக நினைத்து அப்பாவை அசடாகக் காட்டுவது. ஆண் இப்படி, பெண் இப்படி என்று முத்திரை குத்தும் பாலின வார்ப்புகளால் தீங்கு விளைவிக்கும் விளம்பரங்களுக்கு எதிரான விதி பிரிட்டனில் 2019 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. ஆகஸ்டில் முதலில் தடைபட்ட இரண்டில் ஒன்று ஃபிலடெல்ஃபியா சீஸ் விளம்பரம். இரண்டு அப்பாக்கள் சாப்பாட்டில் மயங்கி நிற்க, அவர்களின் கைக்குழந்தைகள் உணவு சுற்றிவரும் பெல்ட்டில் ஏறிப் போய்விடுகின்றன. குழந்தை வளர்ப்பு தாய்க்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் வரக்கூடாதென்றே அப்பாக்களை வைத்தோம் என்றது நிறுவனம். நல்ல எண்ணம்தான். ஆனால் கொட்டாவி வரவைக்கும் பழைய நகைச்சுவையையே மறுபடி எடுத்தார்கள்: ஆணிடம் குழந்தையைக் கொடுத்தால் தொலைத்துவிடுவான்!

இந்தச் சிரிப்பில் ஆண்களுக்கு ஒரு சௌகரியமும் உண்டு. எனக்கு இதெல்லாம் வராது என்று ஒதுங்கிக்கொள்ளலாம். சுற்றியிருப்பவர்களும் அப்படியே ஏற்பாடு செய்துவைக்கிறார்கள். டயப்பர் மாற்றும் மேசையைப் பெண்கள் கழிப்பறையில் மட்டும் வைத்துவிட்டு, அப்பாவுக்குப் பழக்கமில்லை என்று குறைபடுவதில் என்ன நியாயம்? அமெரிக்காவில் மத்திய அரசுக் கட்டடங்களில் ஆண்கள் கழிப்பறையிலும் அதை வைக்க 2016-இல் ஒரு சட்டமே தேவைப்பட்டது.

பிரிட்டனில் தடைபட்ட மற்றொன்று ஃபோக்ஸ்வாகன் கார் விளம்பரம். விண்வெளியில் ஆண்கள், நீளம் தாண்டும் ஆண் வீரர், கடைசியில் தள்ளுவண்டி அருகே உட்கார்ந்திருக்கும் பெண். தனித்தனியே எந்தக் காட்சியிலும் குற்றமில்லை, வரிசையில்தான் இருக்கிறது. ஒரு காட்சியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

2019 ஜனவரியில் ஜில்லெட் ஆண்களின் நடத்தையைக் கேள்வி கேட்டு விளம்பரம் வெளியிட்டது. பாராட்டும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. அந்த ஆண்டே தாய் நிறுவனம் அந்தப் பிராண்டின் கணக்கு மதிப்பை 800 கோடி டாலர் குறைத்ததும், விளம்பரம்தான் காரணம் என்று பலர் முடிவுகட்டினார்கள். நாணய மதிப்புச் சரிவையும், ஆண்கள் முன்பைப்போல அடிக்கடி சவரம் செய்யாததையும் நிறுவனம் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

வீட்டில் நடப்பது இன்னும் சிறியது. சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கால் சிராய்த்த பையனிடம் “ஆண்பிள்ளை அழலாமா?” என்கிறோம். வலி அப்படியே இருக்கும். அதைச் சொல்லக்கூடாது என்பதைத்தான் அவன் கற்றுக்கொள்வான். “எங்கே வலிக்கிறது?” என்று கேட்டுவிட்டுக் காயத்தைக் கழுவினால் போதும்.