அடைமழையில் இடிக்கும் கதவை உடனே இழைக்காதீர்கள்

ஐப்பசி அடைமழை பிடித்து நாலு நாள் ஆனால் போதும், சென்னையில் மரக்கதவுகள் நிலையில் இடிக்க ஆரம்பித்துவிடும். உடனே ஆசாரியை வரவழைத்து இழைத்துவிடுகிறோம். அதுதான் முதல் தவறு. ஈரக்காற்றில் மரம் ஊதியிருக்கிறது, அவ்வளவுதான். காய்ந்தால் தானே இறங்கும். திருவான்மியூரில் எங்கள் வாசல் கதவைக் கார்த்திகையில் இழைத்தோம். சித்திரை வெயிலில் அது சுருங்கியதும் நிலைக்கும் கதவுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைந்தது. தை பிறக்கும்வரை பொறுங்கள்.

அதற்குள் மேல் கீலைப் பாருங்கள். அதன் ஸ்குரூ தளர்ந்திருந்தால் கதவு தொங்கி, கைப்பிடிப் பக்கத்துக் கீழ்மூலை தரையில் உரசும். ஓட்டை பெரிதாகியிருந்தால் மருந்து நீக்கிய தீக்குச்சிகளைப் பசையில் தோய்த்து அடைத்து, நன்றாகக் காய்ந்தபின் முடுக்குங்கள். பெயின்ட் அடிக்கும்போது கதவின் மேல்விளிம்பையும் அடிவிளிம்பையும் விட்டுவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இடம்தான், ஆனால் ஈரம் ஏறுவதே அந்த வழியாக.

கீல் கிறீச்சிட்டால் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கமும் வேண்டாம். நாளடைவில் பிசுக்காகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். சிலிக்கான் ஸ்ப்ரே நல்லது. கடற்கரையை ஒட்டிய வீடுகளில் கீல் மாற்றும்போது 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். உப்புக்காற்றை 304-ஐவிட நன்றாகத் தாங்கும்.

இனி இரட்டைக் கண்ணாடி ஜன்னல். சாலை இரைச்சலுக்காகவும் ஏசி குளிர் வெளியேறாமல் இருக்கவும் இதைப் போடுகிறவர்கள், கண்ணாடி மங்கியதும் பதறிப்போய் மொத்த ஜன்னலையும் மாற்றத் துணிகிறார்கள். பதற்றம் வேண்டாம், விரலால் தேய்த்துப் பாருங்கள். விடிகாலையில் வெளிப்பக்கம் தேய்த்தால் போகிறதா? ராத்திரி ஏசியில் குளிர்ந்த கண்ணாடிமேல் வெளியீரம் படிந்திருக்கிறது, கோளாறே இல்லை. இரண்டு பக்கம் தேய்த்தும் போகவில்லையா? கண்ணாடிகளுக்கு நடுவே ஈரம் புகுந்துவிட்டது. ஓரத்து சீல் விட்டுப்போய், இடைச்சட்டத்துக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகள் நிறைந்துவிட்டன. துளை போட்டு உலர்த்தினாலும் சீல் திரும்பி வராது. ஆனால் ஃப்ரேம் நன்றாக இருந்தால் கண்ணாடி ஜோடியை மட்டும் மாற்றினால் போதும். நீள அகலத்தோடு மொத்தக் கனத்தையும் அளந்து கொடுங்கள்: 5 மி.மீ. கண்ணாடி, 12 மி.மீ. இடைவெளி, 5 மி.மீ. கண்ணாடி என்றால் 22. டஃபன்டு கண்ணாடியை (சூடாக்கிக் குளிர்வித்து உறுதியாக்கியது) பிறகு அறுக்கவே முடியாது, ஆகவே அளவில் பிசகக்கூடாது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது நீர்த்துளைகளை அடைப்பதுதான். யூபிவிசி என்னும் கெட்டி பிளாஸ்டிக் ஃப்ரேமின் அடியில், வெளிப்பக்கம், சின்னச் சின்னப் பிளவுகள் இருக்கும். கண்ணாடிக் கதவு நகரும் ட்ராக்கில் இறங்கும் மழைநீர் வெளியேறும் வழி அது. எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்தவர் அதை விரிசல் என்று நினைத்து, இடுக்கு அடைக்கும் சிலிக்கான் பசை வைத்து மூடிவிட்டார். அடுத்த மழைக்கு ட்ராக் தொட்டிபோல நிரம்பி, நீர் உள்பக்கம் வழிந்து, அம்மாவின் கட்டில் கால்வரை வந்தது. சிலிக்கான் வைக்கவே வேண்டிய இடத்திலும் வினிகர் நெடி அடிக்கும் ரகத்தைத் தவிருங்கள். உலோகத்தை அரிக்கும், இரட்டைக் கண்ணாடியின் சீலையும் கெடுக்கும். நியூட்ரல் ரகம் என்று கேட்டு வாங்குங்கள்.

புரட்டாசியிலேயே பழைய டூத்பிரஷ்ஷால் ட்ராக் மண்ணைத் துடைத்தெடுத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெளிச்சுவரில் தாரை இறங்க வேண்டும். தேங்கி நின்றால் துளையில் ஈர்க்குச்சியை விட்டுக் குத்துங்கள்.