எதிர் எடையைச் சமன் செய்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மன் ஈக்குவடோரியல் மவுண்ட் என்பது, பூமியின் அச்சுக்கு இணையான துருவ அச்சிலும் அதற்குச் செங்குத்தான நடுவரை விலக்க அச்சிலும் தொலைநோக்கியைத் திருப்பும் தாங்கி; குழாய்க்கு எதிர்ப்புறம் நீளும் தண்டில் எதிர் எடை இருக்கும். இதில் தொலைநோக்கியைப் பொருத்தும் பலர், அந்த எடையைத் தண்டில் ஏதோ ஓரிடத்தில் நிறுத்திக் கிளட்சை (அச்சை இறுக்கிப் பிடிக்கும் பூட்டை) இறுக்கிவிட்டால் போதும் என்று எண்ணுகிறார்கள். கிளட்ச் சமனின்மையை மறைக்குமே தவிர நீக்காது. மிஞ்சிய பாரம் முழுவதையும் மோட்டாரும் பல்சக்கரங்களும் சுமக்கின்றன. 1824-இல் டோர்பாட் நகரில் (இன்றைய எஸ்டோனியாவின் டார்ட்டு) நிறுவப்பட்ட, ஜெர்மன் ஒளியியல் வல்லுநர் ஃபிரௌன்ஹோஃபரின் 24 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கியை ஒரு கடிகாரப் பொறியே விண்மீன்களின் போக்கில் திருப்பியது. அச்சுகள் சமனாக இல்லாவிடில் அது நடந்திருக்காது.

நான் அதிகம் காணும் தவறு, வெறுங்குழாயைச் சமன் செய்வதுதான். ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை), ஃபைண்டர் (குறிபார்க்க உதவும் சிறு தொலைநோக்கி), கேமரா, பனித்தடுப்பு எல்லாவற்றையும் மாட்டி, மூடியைக் கழற்றி, ஃபோகஸரைத் தெளிவான காட்சி தரும் நிலைக்கு நகர்த்திய பிறகே சமன் பார்க்க வேண்டும்.

அடுத்தது வரிசை. குழாயின் எடைமையம் நடுவரை விலக்க அச்சிலிருந்து விலகியிருந்தால், துருவ அச்சின் சமன் குழாய் திரும்பும் திசைக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே முதலில் துருவ அச்சைத் தோராயமாகச் சமன் செய்து, தண்டைக் கிடைமட்டமாகப் பூட்டி, குழாயை முன்னும் பின்னும் நகர்த்தி விலக்க அச்சைச் சரிசெய்த பின்னரே துருவ அச்சைத் துல்லியமாக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு கையால் குழாயைத் தாங்கியபடியே கிளட்சைச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். நியூட்டோனியன் (ஆடிகளால் ஒளியைக் குவித்துப் பக்கவாட்டில் காட்டும்) குழாயில் ஃபோகஸரும் ஃபைண்டரும் பக்கவாட்டில் துருத்தி நிற்பதால், கிடைமட்டத்தில் அசையாமல் நின்ற குழாய் செங்குத்தாக நிமிர்த்தியதும் ஒரு பக்கம் சாயக்கூடும்; அந்த நிலையையும் சோதிக்க வேண்டும்.

சிறிய எடையைத் தண்டின் நுனிக்குத் தள்ளுவதும் நல்லதன்று. அச்சிலிருந்து 20 செ.மீ. தொலைவில் உள்ள 6 கிலோ குழாயை, 30 செ.மீ. தொலைவில் 4 கிலோவும் 24 செ.மீ. தொலைவில் 5 கிலோவும் ஒரேபோலச் சமன் செய்யும். ஆனால் சுழல் நிலைமம் (சுழற்சி மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) தொலைவின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், முதல் எடை இரண்டாவதைவிடக் கால் பங்கு கூடுதல் நிலைமம் கொண்டது. காற்று தட்டினால் அதிர்வு அடங்கத் தாமதமாகும்.

பொருத்தும்போது எடை முதலில், குழாய் பிறகு. கழற்றும்போது குழாய் முதலில். ஒருநாள் விடியற்காலைக் களைப்பில் நான் எடையை முதலில் உருவிவிட்டேன். கிளட்ச் வழுக்கி, குழாய் சுழன்று இறங்கி, ஃபைண்டர் முக்காலியின் காலில் மோதி உடைந்தது. தண்டின் நுனியிலுள்ள பாதுகாப்புத் திருகை, எடையைக் கையில் தாங்கிப் பிடித்த பிறகே கழற்றுங்கள். அந்தத் திருகு இல்லாவிட்டால் வழுக்கும் எடை நேரே பாதத்தில் விழும்.