பள்ளி மேலாண்மைக் குழு: முதல் கூட்டத்திலேயே விதிகளைப் பேசிவிடுங்கள்

பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். ஆனால் பல கூட்டங்களில் ஆசிரியர்கள்தான் பேசுகிறார்கள். அம்மாக்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

முதல் கூட்டத்தில் ஒரு கால் மணி நேரம் ஒதுக்கி, "எப்படி நடந்தால் நீங்கள் தயங்காமல் பேசுவீர்கள்?" என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். அவர்கள் சொன்ன சொற்களிலேயே கரும்பலகையில் எழுதுங்கள். "வேலைக்குப் போகணும், சொன்ன நேரத்துக்கு முடிச்சிடுங்க", "என் பிள்ளை பேரைச் சொல்லி எல்லார் முன்னாடியும் குறை சொல்லாதீங்க" என்றெல்லாம் வரும். இந்த இரண்டாவதை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். ஒருமுறை தலைகுனிந்த அம்மா மறுபடி வருவது கடினம்.

நான்கைந்து விதிகள் போதும். அப்புறம், பெற்றோர் பேசி முடித்த பிறகே ஆசிரியர்கள் பேச வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும்.

கழிப்பறைக் குழாய் உடைந்திருக்கிறதா? யார், எந்தத் தேதிக்குள் சரிசெய்வார் என்று தீர்மானப் பதிவேட்டில் எழுதி, சத்தமாக வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுபவருக்கும் எதற்குச் சம்மதித்தோம் என்பது அப்போதுதான் தெரியும்.