இடங்களை மட்டும் எண்ணாதீர்கள்: தேர்தல் முறையை எடைபோடும்போது வரும் தவறுகள்

அறுதிப் பெரும்பான்மை கிடைத்துவிட்டால் மக்களில் பெரும்பாலோர் அந்தக் கட்சியின் பக்கம்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். அடிக்கடி நடக்கும் தவறு இது. பிரிட்டனின் 2024 பொதுத் தேர்தலைப் பாருங்கள். தொழிற்கட்சி வாங்கிய வாக்குகள் 34 சதவீதத்தை எட்டவில்லை. ஆனால் 650 இடங்களில் 400-க்கும் மேல் அதற்கே கிடைத்தன. ரிஃபார்ம் கட்சி 14 சதவீதம் வாங்கி 5 இடங்களோடு நின்றது. 12 சதவீதம் வாங்கிய லிபரல் டெமாக்ரட் கட்சிக்கோ 72 இடங்கள்! இதற்குக் காரணம் கள்ள ஓட்டு இல்லை. தொகுதியில் யார் முந்துகிறாரோ அவருக்கே முழு வெற்றி என்ற விதிதான் காரணம். அந்த விதியில், நாடு முழுக்கச் சிதறிய ஆதரவு வீணாகும். சில பகுதிகளில் திரண்ட ஆதரவு இடங்களாக மாறும்.

நம் கட்சி தோற்கும்போது மட்டும் இதைப் பேசுவது இன்னொரு தவறு. ஜெயித்ததும் வாயை மூடிக்கொண்டால் நாம் சொன்ன நியாயத்தை யார் நம்புவார்கள்? நியூசிலாந்தில் 1978-லும் 1981-லும் தொழிற்கட்சிக்கே அதிக வாக்குகள். ஆட்சியோ நேஷனல் கட்சிக்குப் போனது. அந்த மனக்குறை ஒரு கட்சியோடு நின்றுவிடவில்லை. 1993-இல் பொது வாக்கெடுப்பு வைத்து, மக்களே முறையை மாற்றினார்கள். 1996 முதல் அங்கே கட்சி வாங்கும் வாக்குக்கு ஏற்பவே இடங்கள் அமைகின்றன.

சரி, இப்படி வாக்குக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசார முறை வந்துவிட்டால் போதுமா? அப்படி நம்புவதும் தவறு. துருக்கியில் இருந்தது விகிதாசார முறைதான். ஆனால் நாடு முழுவதும் 10 சதவீதம் வாங்காத கட்சிக்கு இடமே கிடையாது என்ற வரம்பும் இருந்தது. 2002 தேர்தலில் இரண்டே கட்சிகள் அதைத் தாண்டின. ஏறத்தாழ 45 சதவீத வாக்குகளுக்கு நாடாளுமன்றத்தில் ஒரு குரல்கூட இல்லை. 34 சதவீதம் வாங்கிய கட்சிக்கு 550-இல் 363 இடங்கள். எனவே முறையின் பெயரைக் கேட்டதும் திருப்தியடையாமல், வரம்பு எவ்வளவு என்று கேளுங்கள்.

தொகுதி எல்லையை யார் வரைகிறார்கள் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1812-லேயே ஆளுங்கட்சி தனக்கு வசதியாக எல்லைகளை வளைத்தது. எல்லை வரையும் பொறுப்பு போட்டியிடுபவர்கள் கையிலேயே இருந்தால், வாக்குப்பதிவு எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும் முடிவு பாதி எழுதப்பட்டதுதான்.

அப்புறம், வாக்காளர் பட்டியல். பெயர் இல்லை என்பது வாக்குச்சாவடி வரிசையில் நிற்கும்போது தெரிந்தால், அன்றைக்கு எதுவும் செய்ய முடியாமல் போகலாம். வரைவுப் பட்டியல் வெளிவரும்போதே பாருங்கள். உங்கள் பெயரோடு வீட்டிலுள்ள முதியவர்கள், புதிதாக 18 வயதானவர்கள் பெயர்களையும் தேடிப் பாருங்கள்.